துக்க வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

அக்டோபர் 14 (கேள்வி, குன்னூரிலிருந்து ஒரு தம்பி)

அக்கா, எங்களுக்கு முதல் குழந்தை. எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே ஜெபக்குழுவிலிருந்து வந்து என் மனைவியை உட்காரவைத்து, "ஸ்தோத்திரம் சொல்லும்மா, சொன்னால்தான் ஆறுதல் வரும், சொல்லாமல் இருந்தால் சாத்தானுக்கு இடம் கொடுத்த மாதிரி" என்றார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு விசுவாசம் போதாது என்று சபையில் பேச்சு. பைபிளில் பிள்ளைகள் எல்லாரையும் இழந்த யோபுவே ஸ்தோத்திரம் சொன்னாரே, உனக்கென்ன என்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: துக்கத்தில் கடவுளைத் துதிப்பது பொய். உள்ளே இல்லாததை வாயால் சொல்வது. நீங்களும் இழந்தவர், அதனால் கேட்கிறேன்.

அக்டோபர் 14, இரவு

பதில் அப்புறம். முதலில் உன் மனைவிக்குப் பால் கட்டியிருக்கிறதா என்று கேள். குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது தம்பி, மூன்றாம் நாள் நாலாம் நாள் பால் இறங்கிவிடும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். மொத்தமாகப் பிழிந்து எடுக்கச் சொல்லாதே, எடுக்க எடுக்க ஊறும். முட்டைக்கோஸ் இலையைக் கழுவிக் குளிரவைத்து மார்பில் வைத்துக்கொள்ளச் சொல், நம் ஊரில் அதற்கா பஞ்சம். சிவந்து காய்ச்சல் அடித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். யோபுவைப் பிறகு பார்க்கலாம்.

அக்டோபர் 16

சரி, யோபு. சொன்னார்தான். முதல் அதிகாரம் 21-ம் வசனம், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். ஆனால் அந்தப் புத்தகத்தில் 42 அதிகாரம் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்திலேயே இதே மனிதர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், ஏன் கர்ப்பத்திலேயே சாகவில்லை என்று கேட்கிறார். அதற்கப்புறம் பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்குதான். அடக்க ஆராதனையில் அந்தப் பக்கங்களை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

அவருடைய சிநேகிதர்களைப் பார். வந்ததும் ஏழு நாள் இராப்பகலாகத் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் அருமையான ஆட்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அறிக்கையிடு, எல்லாம் சரியாகும் என்று ஆளாளுக்குப் பிரசங்கம். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது அவர்கள்மேல். என் தாசன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று எலிப்பாசிடம் சொல்கிறார். கத்தியவன் சரியாகப் பேசினான், கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் தப்பாகப் பேசினார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த ஜெபக்குழு இதில் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

என் கதை உனக்குக் கொஞ்சம் தெரியும். விடியற்காலை குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மேலே தொட்டியைப் பார்க்கப் போனார் என் வீட்டுக்காரர். பனிமூட்டம். தேயிலைக்குள் நின்ற காட்டெருமை அவருக்குத் தெரியவில்லை, அவர் வந்ததும் அதற்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டு நாங்கள் ஓடும்போதே முடிந்துவிட்டது. அன்றைக்கும் ஒரு அம்மா வந்தார், என் கையைப் பிடித்து மேலே தூக்கி, "துதி, மகளே" என்றார். என் கையை நான் இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் வேகமாகவே இழுத்துவிட்டேன், அவர் கண்ணாடி கீழே விழுந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். துக்க வீட்டில் இதெல்லாம் நடக்கும்.

ஆனாலும் நீ சொல்கிற "பொய்" என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று எழுதினால் என் அம்மாயி கதைக்குப் போகவேண்டும், இப்போது இலை எடைபோட வண்டி வந்துவிட்டது.

அக்டோபர் 21

அம்மாயி, என் அம்மாவின் அம்மா. நாங்கள் சிலோன்காரர்கள், கோத்தகிரியில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள், நான் பிறந்ததே இங்கே என்றாலும். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் அங்கிருந்த தோட்டத் தமிழர்களை எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கையிலேயே. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதி. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவர்களில் அக்காளுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. அம்மாயிக்கு இந்தியா. அவருடைய அண்ணன் அட்டன் பக்கம் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு அங்கே அழுகைக் கோச்சி என்றே பேர். ஸ்டேஷனில் பிடித்த கையை விடாமல் ரயிலோடு ஓடுவார்களாம். அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு நீலகிரி. அண்ணனை மறுபடி பார்க்கவே இல்லை.

அந்த ரயிலில் அம்மாயி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பாடவில்லை. இங்கே வந்தும் ரொம்ப நாள் கோயிலுக்குப் போவார், உட்காருவார், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார், வாய் அசையாது என்று அம்மா சொல்வார். யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் அறைந்திருப்பார், அப்படிப்பட்ட ஆள்.

எனக்கு நினைவு தெரிந்த அம்மாயி வேறு. காலையில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டே ஜெபம் செய்வார், சத்தமாக. கிட்டத்தட்ட சண்டை. "எங்கண்ணனை அந்தக் கரையில வச்சிட்டு என்னய இந்தக் கரையில தூக்கிப் போட்டீரே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். விறகு நனைஞ்சு கெடக்கு, ஸ்தோத்திரம். பாவி மக்கள் சம்பளத்துல பிடிக்கிறானுங்க, கேளும் ஆண்டவரே, ஸ்தோத்திரம்." எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில். குறை சொல்லும்போது ஒரு குரல், துதிக்கும்போது குழைந்த குரல் என்று மாற்றிக்கொள்ளத் தெரியாது அவருக்கு. சின்ன வயதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆண்டவருக்கே பயமாக இருக்கும் என்று என் தம்பி சொல்வான்.

அதைப் பொய் என்று உன்னால் சொல்ல முடியுமா? உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்பதே அங்கே கிடையாது. நீ பார்த்தது துதி மட்டும் வேண்டும், சண்டை கூடாது என்கிற கூட்டத்தை. அந்தப் பாதி துதிதான் பொய் போலத் தெரிகிறது உனக்கு.

அக்டோபர் 22

ஒருவர் கேட்டிருக்கிறார், "இப்படிக் கடவுளைத் திட்டினால் தண்டனை கிடைக்காதா?" அம்மாயி 90 தாண்டி, கடைசிவரை சொந்தப் பல்லோடு இருந்தார்.

அக்டோபர் 28

பைபிளில் இருக்கிற சங்கீதம் என்றாலே சந்தோஷப் பாட்டு என்று நினைப்பவர்களுக்கு. 150 சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும் கர்த்தாவே, ஏன் முகத்தை மறைக்கிறீர், ஏன் தூங்குகிறீர். 22-ம் சங்கீதம், இயேசு சிலுவையில் சொன்னது, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தொடங்குகிறது. இரண்டே வசனம் தள்ளி, இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவர் என்று வருகிறது. இரண்டும் ஒரே ஆளின் வாய், நடுவில் எதுவும் சரியாகிவிடவில்லை. 88-ம் சங்கீதம் இன்னும் மோசம். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியோ துதிக்கு வந்துவிடும், இது வராது. சிநேகிதரையும் விலக்கினீர், இருட்டு, அவ்வளவுதான், முடிந்தது. அதையும் ஆராதனைப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்களே, யாராவது அங்கேயே நின்றுபோவார்கள் என்று தெரிந்துதான் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உன் மனைவி இப்போது 88-ல் இருக்கிறாள். அவளைப் பிடித்து, முழுக்கத் துதியாக இருக்கிற 150-க்கு இழுக்காதீர்கள்.

பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் பாடவில்லையா என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடினார்கள். வஸ்திரத்தைக் கிழித்து, அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி, நடு ராத்திரி. நான் அதில் எப்போதும் கவனிப்பது, அவர்கள் இரண்டு பேர். பவுல் தனியாக அந்த உட்காவலறையில் கிடந்திருந்தால் பாடியிருப்பாரா? பாடியிருக்கலாம், அவர் அப்படி. நான் பாடியிருக்க மாட்டேன். என் வீட்டில் அந்த முதல் மாதங்களில் பாடியது என் நாத்தனார். தினம் சாயங்காலம் வருவார், என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார், சோறு வடிப்பார், வடித்துக்கொண்டே ஏதாவது கீர்த்தனையை முனகுவார், சுருதி சேராது. அவருக்கும் அது அண்ணன் சாவு என்பதே எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. நான் வாய் திறக்காத நாட்களில் இந்த வீட்டில் துதி நின்றுபோகவில்லை, அவர் வாயில் இருந்தது.

நவம்பர் 2

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தோம். புல் வெட்டி, பூ வைத்து, மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. சுவரோரம் முழுக்கக் காட்டெருமைச் சாணி. "அப்பாவ இங்கயும் விடல போல" என்றான் பெரியவன். சிரித்துவிட்டோம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பும்போது ஞாபகம் வந்தது, கவாத்துப் பிரசங்கம். கீழேயிருந்து வருகிற பிரசங்கியார் யாராக இருந்தாலும், மலை ஏறியதும் தேயிலையைப் பார்த்ததும், இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். "கவாத்து வெட்டினால்தானே செடி தழைக்கிறது, அப்படித்தான் தேவன் உங்களை வெட்டுகிறார், அதற்காகத் துதியுங்கள்." நான் கவாத்து வெட்டுகிறவள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு செடியும் அழுது பார்த்ததில்லை. வெட்டிய கிளை குச்சி, அதை அடுப்பு எரிக்க எடுத்துப்போகிறோம். என் வீட்டுக்காரர் என்ன, நான் தழைப்பதற்காக வெட்டிய கிளையா? இந்த உவமையை யாராவது ஒரு பாறையில் எழுதிக் குன்னூர் மலைப்பாதையில் முதல் வளைவிலேயே வைத்துவிட்டால், மேலே வருகிறவர்கள் அங்கேயே படித்துவிட்டு வேறு ஏதாவது யோசித்துக்கொண்டு வருவார்கள்.

நவம்பர் 10

ராத்திரி முழுக்க மழை. இந்தத் தேதியில் மழை பெய்தால் இந்தப் பக்கம் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. 2009 நவம்பர் 10, கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த இரண்டு மூன்று நாளில் மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ராத்திரியில், தூக்கத்தில், வீட்டோடு.

அதற்கடுத்த ஞாயிறுகளில் சாட்சி நேரம், கர்த்தர் தனக்குச் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சபையில் சொல்கிற நேரம், எப்படி இருந்தது என்று சொல்கிறேன், இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஒருவர் எழுந்தார். "சுற்றிலும் மண் சரிந்தது, எங்கள் வீட்டுக்கு ஒரு கல் விழவில்லை, காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்." சபை முழுக்க அல்லேலூயா. அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய நன்றி உண்மையானது, வீடு தப்பியவன் நன்றி சொல்லாமல் என்ன செய்வான். ஆனால் எனக்கு முன் பெஞ்சில் மருமகளையும் பேத்தியையும் மண்ணுக்குக் கொடுத்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த அல்லேலூயா அவர் காதில் என்னவென்று விழுந்திருக்கும்? உன் பேத்தியைக் காக்கவில்லை என்றுதானே. அவர் எழுந்து போகவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், அப்புறம் காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரோடும் எழுந்து நின்றார். பாடினாரா என்று எனக்குத் தெரியாது, பின்னாலிருந்து தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு உபதேசியார் சாட்சி நேரத்தில் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். தப்பித்தவர் சாட்சி சொன்னதும் "இழந்தவர்களுக்காக இப்போது அமைதியாக இருப்போம்" என்பார். கொஞ்ச நேரம் ஒன்றும் கிடையாது, பிறகுதான் அடுத்த பாட்டு. அவர் மாற்றலாகிப் போனதும் அது போய்விட்டது. கீபோர்டு வந்துவிட்டது. கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு அமைதி என்றால் ஆகாது, யாராவது மூச்சு விட்டால் அந்த இடைவெளியில் ஒரு ட்ரிங் போட்டுவிடுவான்.

நவம்பர் 11

நேற்று எழுதியதைப் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சைவர், காலையில் தேவாரம் ஓதாமல் காபி குடிக்க மாட்டார், என் வீட்டுக்காரர் போனபோது வாசலில் பெஞ்ச் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் வரக்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவர். "உங்க அம்மாயி சுந்தரர் கட்சி" என்றார். திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறியதற்காகச் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போகிறது. காஞ்சியில் ஒன்று கிடைக்கிறது. திருவாரூர் வந்து நின்று, இன்னொரு கண்ணுக்காகப் பாடும்போது கெஞ்சவில்லையாம். உமக்கே அடிமையாக இருப்பவர்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் சும்மா இருக்கிறீர், சரி, நீர் நல்லா வாழ்ந்துபோம் என்கிற மாதிரி. "வாழ்ந்து போதீரே" என்று ஒவ்வொரு பாட்டும் முடியும் என்றார். பார்வை வந்தது, திட்டியதற்காக யாரும் அவரை நாயன்மார் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அது இன்றைக்கும் தேவாரம், கோயிலில் ஓதுகிறார்கள்.

அப்பருக்கு வயிற்றில் சூலை வந்தபோது திருவதிகையில் பாடியதும் வலியோடுதான் பாடினது, வலி தீர்ந்த பிறகு பாடின நன்றிப்பாட்டு இல்லை என்றும் சொன்னார். இதைக் கேட்டதும் எங்கள் ஜெபக்குழுவில் படித்துக்காட்டினால் என்னை எங்கே உட்காரவைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வாத்தியார் வாசலில்தான்.

நவம்பர் 27

குன்னூர்த் தம்பி எழுதியிருக்கிறார், முட்டைக்கோஸ் இலை உதவியதாம், மனைவி அதைச் சொல்லி முதல்தடவையாக அழுதாளாம். அப்புறம் கேட்கிறார், "அப்படியென்றால் துதிக்கவே வேண்டாமா, நீங்கள் எப்போது மறுபடி பாடினீர்கள்?"

வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. எப்போது என்றால், விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து சபையில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில். இதைச் சொல்லவே கொஞ்சம் வெட்கம், ஏனென்றால் அன்றைக்குப் பரலோகம் திறக்கவில்லை, ஏலம்தான் நடந்தது. கேரட், பீட்ரூட், பூண்டு, ஊட்டி வர்க்கி பாக்கெட், யாரோ கொண்டுவந்த சேவல். ஒரு முட்டைக்கோஸுக்கு இரண்டு குடும்பம் பழைய பகையில் மாற்றி மாற்றிக் கேட்டு, மார்க்கெட்டில் மூட்டையே வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பலிபீடத்துப் பக்கம் ஓடியது. ஆயர் அங்கியோடு அதைத் துரத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்ததும் உடனே ஒரு குத்தல், அவர் இல்லாமல் சிரிக்கிறோமே என்று. அந்தக் குத்தலோடு நிற்கும்போதே கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது, வாய் தானாகப் போய்விட்டது. இரண்டாவது அடியில்தான் பாடுகிறோம் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

அன்றைக்கு வாசித்த பாடம் ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரம். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சை பழுக்காவிட்டாலும், ஒலிவம் பொய்த்தாலும், வயல் விளையாவிட்டாலும், கிடையில் ஆடு இல்லாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்வேன். கோத்தகிரியில் இருந்திருந்தால் பச்சைத்தேயிலை விலை இறங்கினாலும், பனியில் உருளைக்கிழங்குச் செடி கருகினாலும், சிறுத்தை கன்றைத் தூக்கினாலும் என்று எழுதியிருப்பார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால் அந்தப் பட்டியலை நிதானமாகப் பார். மரம், பயிர், ஆடு, மாடு. மனிதர் யாரும் இல்லை. புருஷன் போனாலும், பிள்ளை போனாலும் என்று எழுதவில்லை. எழுத மறந்தாரா, மனம் வரவில்லையா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. அதே ஆபகூக் முதல் அதிகாரத்தில் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமல் இருக்கிறீரே என்றுதான் ஆரம்பிக்கிறார், அங்கிருந்து மூன்றாம் அதிகாரத்துக்கு அவர் தானாகத்தான் வந்தார். ஜெபக்குழு யாரும் வந்து கையைத் தூக்கிவிடவில்லை.

இன்னொன்று. பாடிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. அடுத்த வாரம் மறுபடி பாடவில்லை. இப்போதும் சில ஞாயிறு பாமாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அம்மாயி மாதிரி. அம்மாயி அளவுக்குச் சண்டை போடவும் இன்னும் வரவில்லை, வாய் அவ்வளவு நீளமில்லை எனக்கு.

நவம்பர் 28

வாய் நீளமில்லையா என்று என் மகன் கேட்கிறான். பதில் இல்லை.

டிசம்பர் 6

கூடலூரிலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார், கோபத்தோடு. அவருடைய அம்மா இறந்தபோது கல்லறைக்குப் பக்கத்திலேயே நின்று முழுப் பாட்டையும் பாடினாராம், யாரும் சொல்லவில்லை, நடிக்கவில்லை, அந்த நேரத்தில் அதைத்தவிர வேறு எதுவும் வரவில்லையாம். "உங்கள் பேச்சைக் கேட்டால் உடனே துதிப்பவர்கள் எல்லாம் வேஷக்காரர்கள் போல இருக்கிறது" என்கிறார்.

அப்படி இல்லை, அவர் சொல்வதை நான் நம்புகிறேன். யோபுவே முதல் நாளில்தானே சொன்னார், சால்வையைக் கிழித்துக்கொண்டு, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்து. அதை அவரிடம் யாரும் வாங்கவில்லை, அவராகக் கொடுத்தார். முதல் நாளே வருபவர்களுக்கு வரட்டும். தாவீது ராஜா தன் குழந்தை சாகும்வரை தரையில் கிடந்து அழுதார், செத்ததும் எழுந்து குளித்து, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டார். ஊழியக்காரர்களுக்கே புரியவில்லை, இது என்ன தலைகீழாக இருக்கிறது என்றார்கள். ஆளுக்கொரு வழி. நான் அடித்துப் பேசுவது அடுத்தவர் வாயிலிருந்து துதியைப் பிடுங்குகிறவர்களைப் பற்றித்தான். ஆனால் சகோதரி சொன்ன பிறகு ஒன்று உறுத்துகிறது: "உடனே துதிக்காதே, முதலில் அழு" என்பதையும் நாங்கள் இன்னொரு சட்டமாக்கிவிடக் கூடாது. குன்னூர்த் தம்பியின் மனைவி நாளைக்கே பாட ஆரம்பித்தால், இன்னும் 88 முடியவில்லையே என்று நான் போய் நிறுத்தப்போகிறேனா.

தம்பி, அவள் வர விருப்பப்பட்டால் இங்கே கூட்டிக்கொண்டு வா, சும்மா இருந்துவிட்டுப் போகட்டும். என் நாத்தனாரும் வருவார். ஜெபம் கிடையாது, சோறு உண்டு. கூடலூர் சகோதரிக்கு ஒரு கேள்வி: கல்லறைக்குப் பக்கத்தில் முழுப் பாட்டையும் பாடினேன் என்கிறீர்களே, கூட யாராவது பாடினார்களா, இல்லை நீங்கள் மட்டுமா?